கூடிய விரைவில்

1996 மே மாதம். சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்பில் எனக்கு இரண்டாம் வருஷம். சென்னையில் நான் வேலை பழகிய ஆடிட் ஆபீசுக்கு ஓர் அரசு நிறுவனத்தின் தணிக்கை வந்திருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தென் மாவட்டம் ஒன்றில் அதற்கு ஒரு கிடங்கு உண்டு. அங்கே போய்ச் சரக்கை எண்ணிவிட்டு வரச் சொல்லி சீனியர் என்னை அனுப்பினார்.

கிடங்கு என்றால் சுற்றிலும் முள்வேலி, நடுவில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, மற்றதெல்லாம் பொட்டல். பொட்டலில் ஜி.ஐ. பைப்புகளை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை, அளவு வாரியாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பின் கார்டு. வரவு, பற்று, இருப்பு என்று மூன்று பத்தி போட்ட அட்டை. கம்பி கோத்துக் கொட்டகைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பைப்பை எண்ண ஒரு முறை இருக்கிறது. பக்கவாட்டில் நின்று எண்ணினால் உள்ளே இருப்பது தெரியாது. அடுக்கின் முனைக்குப் போய், குனிந்து, வாயை எண்ண வேண்டும். எண்ணிய வாய்க்கு சாக்பீஸில் ஒரு கோடு. பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் இரும்பில் கை வைக்க முடியாது. ஸ்டோர்கீப்பர் அண்ணாச்சிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். "பாத்தும்மா, அடியில பாம்பு கிடக்கும்" என்று ஒரு கம்பால் தட்டிக்கொண்டே எனக்கு முன்னால் போனார்.

இரண்டரை அங்குல பைப்பில் கார்டு 412 என்றது. நான் எண்ணியது 287. மறுபடி எண்ணினேன். அண்ணாச்சியும் தனியாக எண்ணினார். 287தான்.

அவர் பதறவில்லை. "இந்த சைஸ் நான் வந்ததுலேருந்து அசையவே இல்லம்மா. வரவும் இல்ல, கொடுக்கவும் இல்ல. சார்ஜ் எடுக்கும்போது லிஸ்ட்ல 412-ன்னு இருந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். எண்ணிப் பாக்க யார் நேரம் கொடுத்தா?" என்றார். அவருக்கு முன்னால் இருந்தவர் எங்கே என்று கேட்டேன். ரிட்டையர் ஆகி ஊரோடு போய்விட்டாராம். அதற்கு முன்னால் இருந்தவர்? இறந்துவிட்டாராம்.

டீ வந்தது. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. நாங்கள் தணிக்கை செய்துகொண்டிருந்தது 1991-92ஆம் ஆண்டுக் கணக்கு. நான் எண்ணியது 1996-ன் பைப். இன்றைய இருப்போடு இடையில் போனதையெல்லாம் கூட்டி, வந்ததையெல்லாம் கழித்து, நாலு வருஷம் பின்னால் போய் 1992 மார்ச் 31 அன்று இவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று காகிதத்தில் நிறுவ வேண்டும். அதற்குத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

சென்னை திரும்பியதும் சீனியர் சொல்லச் சொல்ல அறிக்கையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "சரக்கிருப்பில் காணப்படும் வித்தியாசங்கள் குறித்து ஆய்வு செய்து வருவதாக நிர்வாகம் தெரிவித்துள்ளது." என் கையெழுத்தில் போன முதல் தணிக்கைக் குறிப்பு அது. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு நிறைய அரசு நிறுவனங்களின் கணக்கைப் பார்த்துவிட்டேன். தொழிலுக்காகக் கொஞ்சம், தாங்க முடியாத அக்கறையால் மீதி. இவற்றைக் கண்காணிக்க ஆளே இல்லை என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். எத்தனை பேர் கண்காணிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். தனியார் கம்பெனிக்கு ஒரு ஆடிட்டர் போதும். 51 சதவீதமோ அதற்கு மேலோ அரசு பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு ஆடிட்டரை நியமிப்பதே சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அந்த ஆடிட்டர் பார்த்து முடித்த கணக்கை சிஏஜி இன்னொரு முறை பார்க்கலாம். பழைய கம்பெனிச் சட்டத்தில் இது 619(4). எங்கள் ஆபீசில் இன்றும் பெரியவர்கள் "சிக்ஸ் நைன்டீன் ஃபோர் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்பார்கள். 2013 சட்டத்தில் பிரிவு எண் 143(6). இதற்கு மேல் துறைச் செயலகம், நிதித்துறை, லஞ்ச ஒழிப்பு, சட்டமன்றக் குழு. இத்தனை கண்கள்.

சட்டம் போட்டிருக்கும் நாள் கணக்கும் மோசமில்லை. நிதியாண்டு தொடங்கி 180 நாளைக்குள் ஆடிட்டர் நியமனம். கணக்கு முடிந்து ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு அறிக்கை சிஏஜிக்குப் போனால், அவர் தன் கருத்தைச் சொல்ல 60 நாள். மார்ச் 31-ல் முடிந்த கணக்குக்குச் செப்டம்பர் 30-க்குள் பங்குதாரர்களின் பொதுக்குழுக் கூட்டம். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆண்டறிக்கை தயாராக வேண்டும். ஆக, ஒரு வருஷம் முடிந்து ஒன்பதே மாதத்தில், அந்த வருஷம் என்ன நடந்தது என்பது மக்கள் பிரதிநிதியின் கையில் இருக்க முடியும்.

அப்புறம்தான் ஒரு சொல் வருகிறது. ஆண்டறிக்கையைச் சட்டமன்றத்தில் எப்போது வைக்க வேண்டும்? தயாரானபின் "கூடிய விரைவில்." சிஏஜி கொடுக்கும் அறிக்கையை அரசு எப்போது அவையில் வைக்க வேண்டும்? 1971ஆம் ஆண்டு சிஏஜி சட்டத்தில் 19ஏ பிரிவும் அதையேதான் சொல்கிறது, கூடிய விரைவில். எத்தனை நாள் என்று எங்கும் இல்லை. ஆடிட்டருக்கு நாள் உண்டு, சிஏஜிக்கு நாள் உண்டு, கம்பெனிக்கு நாள் உண்டு. அறிக்கையை வெளியே எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் நாள் இல்லை.

அதற்கு முந்தைய படிகளில் நாள் குறித்திருந்தாலும் மீறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 2017 செப்டம்பரில் மத்திய அரசு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனி இயக்குநர்களைத் தகுதி நீக்கம் செய்தது நினைவிருக்கலாம். தொடர்ந்து மூன்று வருஷம் கணக்கைத் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 164(2) பிரிவு. என்னிடம் கணக்குப் பார்த்த ஒரு சின்ன நூல் வியாபாரிகூட அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டு ராத்தூக்கம் இல்லாமல் அலைந்தார். இதே பிரிவிலிருந்து அரசு நிறுவனங்களுக்கு 2015 ஜூனில் விலக்கு கொடுத்திருந்தார்கள். 2017 ஜூனில், கணக்கைத் தாக்கல் செய்யத் தவறிய அரசு நிறுவனத்துக்கு இந்தச் சலுகைகள் கிடையாது என்று திருத்தமும் வந்தது. சரி, நல்ல திருத்தம். ஆனால் கணக்கு நிலுவைக்காகப் பதவி இழந்த ஓர் அரசு நிறுவன இயக்குநரை என் தொழில் வாழ்க்கையில் நான் சந்தித்ததில்லை. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று நிர்வாக இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் எந்த மூன்று வருஷத்துக்கு யாரைப் பிடிப்பது?

சிஏஜிக்கு மாநிலத்தில் இருக்கும் அலுவலகம் ஏஜி ஆபீஸ். அதன் ஆட்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தேனாம்பேட்டையில் இருந்து மூன்று பேர், நாலு பேர் கொண்ட பார்ட்டி வரும். வந்தவுடன் ஒரு மேஜை கேட்பார்கள், கோப்பு கேட்பார்கள். சந்தேகம் வந்தால் தாளை நீளவாக்கில் இரண்டாக மடிப்பார்கள். ஒரு பாதியில் கேள்வியை எழுதிவிட்டு மறுபாதியைப் பதிலுக்குக் காலியாக விடுவார்கள். இதற்கு ஹாஃப் மார்ஜின் என்று பெயர். கேள்வியும் பதிலும் ஒரே தாளில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கமாக இருக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கேள்வியைப் பதிலில் இருந்து பிரித்து ஒளித்துவைக்க முடியாது.

முதலில் சொன்ன அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் ஒரு பச்சை கோத்ரெஜ் பீரோ இருந்தது. அதைத் திறந்தபோது மேல் தட்டு முழுக்க ஹாஃப் மார்ஜின்கள். பழுப்பேறியவை, டேக் போட்டுக் கட்டியவை, கரையான் ஓரம் தின்றவை. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது, மறுபக்கம் வெறுமை. பதில் இருந்தவற்றிலும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது." அந்தத் தாள்களில் ஒன்றில், கொடுத்த முன்பணத்துக்குச் சரக்கு வந்ததா என்று கேட்டிருந்தார்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. கேள்வியின் தேதிக்கும் நான் பார்த்த நாளுக்கும் இடையில் ஒன்பது வருஷம்.

இது எப்போதும் இப்படித்தானா? இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு காலத்தில் இந்த நாடு எட்டு மாதத்தில் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, ஒரு நிதியமைச்சரை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறது.

எல்ஐசி 1956 செப்டம்பர் 1 அன்று உருவானது. 245 தனியார் இன்சூரன்ஸ் அமைப்புகளை ஒன்றாக்கிய நிறுவனம். அதாவது லட்சக்கணக்கான குடும்பங்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பிரீமியம் அரசின் பொறுப்புக்கு வந்தது. அடுத்த வருஷமே, 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் எல்ஐசி ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. அந்தக் காலத்து ஒன்றேகால் கோடி. நொடித்துக்கொண்டிருந்த கம்பெனிகள். எல்ஐசிக்குள் முதலீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. பங்கு வாங்கி முடித்த பிறகுதான் அந்தக் குழுவுக்கே விஷயம் தெரிந்தது.

1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி இதை மக்களவையில் எழுப்பினார். அவர் ஆளுங்கட்சி எம்பி, பிரதமர் நேருவின் மருமகன். இரண்டையும் அவர் தடையாக நினைக்கவில்லை. ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. அவர் கதவைத் திறந்து வைத்து விசாரித்தார். உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நின்ற கூட்டத்துக்காக ஒலிபெருக்கி கட்டினார்கள். 24 நாளில் விசாரணை முடிந்தது. பங்கு வாங்கியது நிதித்துறைச் செயலர் செய்த காரியம் என்று அமைச்சர் தரப்பு சொல்லிப் பார்த்தது. செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு, தனக்குத் தெரியாது என்று விலகிக்கொள்ள முடியாது என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். டிடிகே நம் சென்னைக்காரர், திறமைசாலி என்று பெயர் எடுத்தவர். அவர் மேல் மரியாதை உள்ளவர்களுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கேள்வி வந்தபோது எல்லோரும் தத்தம் நாற்காலியில் இருந்தார்கள். பங்கு வாங்கச் சொன்னவர், வாங்கியவர், விற்றவர், ஒப்பிட்டுப் பார்க்க அன்றைய சந்தை விலை, எல்லாம் சூடு ஆறாமல் இருந்தன. ஜூனில் நடந்ததற்கு பிப்ரவரியில் பதில். என் பார்வையில் அந்த விசாரணையின் பெரிய பலமே அந்த எட்டு மாதம்தான்.

அடுத்து வந்தது அரசு நிறுவனங்களுக்கென்று தனியாக ஒரு நாடாளுமன்றக் குழு. கிருஷ்ண மேனன் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது, 1964 மே 1 முதல் பொது நிறுவனங்கள் குழு இயங்கத் தொடங்கியது. இப்போது அதில் 22 உறுப்பினர்கள், அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. நம் சட்டமன்றத்திலும் அதே பெயரில் ஒரு குழு உண்டு. மாவட்டம் மாவட்டமாக அந்தக் குழு ஆய்வுக்குப் போவதை உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு பார்த்திருப்பீர்கள். போவது நல்லதுதான். ஆனால் அந்தக் குழுவின் உண்மையான வேலை கூட்ட அறையில் இருக்கிறது. சிஏஜி அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பத்தியையும் எடுத்து, துறைச் செயலரையும் நிர்வாக இயக்குநரையும் எதிரே உட்காரவைத்து, வாய்மொழியாகப் பதில் வாங்குவது. அங்கே எடுத்துக்கொள்ளப்படும் பத்தி எந்த வருஷத்தியது என்று பாருங்கள். எதிரே உட்கார்ந்து பதில் சொல்கிறவர் அந்த வருஷம் வேறு ஏதோ மாவட்டத்தில் சப் கலெக்டராக இருந்திருப்பார். தான் செய்யாத ஒன்றுக்கு, தனக்குத் தெரியாத ஒன்றை, கோப்பில் இருப்பதைப் பார்த்துச் சொல்வார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

தாமதத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு, அதிகம் பேசப்படாதது. நேர்மையான அதிகாரியையும் அது கோழையாக்கிவிடுகிறது. கோடையில் மின்தட்டுப்பாடு என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் யூனிட் விலை ஏறிக்கொண்டே போகிறது. இன்று வாங்காவிட்டால் நாளை இன்னும் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். ஒருவர் முடிவெடுத்து வாங்குகிறார். மறுநாள் விலை இறங்கிவிடுகிறது. ஆறே மாதத்தில் ஆடிட்டர் வந்து கேட்டால் அன்றைய நிலவரத்தை அவர் விளக்க முடியும், குறிப்பு இருக்கும், கூட இருந்தவர்கள் இருப்பார்கள். ஏழு வருஷம் கழித்து வரும் கேள்விக்கு அந்த நாளின் புழுக்கம் எப்படித் தெரியும்? விலை இறங்கியது மட்டும்தான் தெரியும். இதைப் பார்த்துப் பார்த்து, கையெழுத்துப் போடாமல் கோப்பை மேலே தள்ளுவதே புத்திசாலித்தனம் என்று ஒரு தலைமுறையே பழகிவிட்டது. "போட்ட கையெழுத்து பின்னாடியே வரும் மேடம்" என்று என்னிடம் சொன்ன அதிகாரிகள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் கை சுத்தமானவர்கள்.

2021 ஆகஸ்டில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்ட் 9 அன்று தமிழக அரசு மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம், மின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 36 காசு நஷ்டம் என்று நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் அறிவித்தார். டீக்கடையில் எல்லாம் அந்த 59 ரூபாய் 15 காசு அடிபட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. ஒரு நிறுவனத்தின் நஷ்டம் கோடியில் சொன்னால் யார் மனசிலும் நிற்காது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொன்னால் கண்டக்டருக்கும் புரியும், பயணிக்கும் புரியும். மலைக் கிராமத்துக்குப் போகும் பஸ் நஷ்டத்தில் ஓடத்தான் செய்யும், ஓட வேண்டும். அந்த நஷ்டத்தை நாம் தெரிந்து ஏற்றுக்கொள்கிறோம். அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும் மற்ற நஷ்டம் எவ்வளவு, அதுதான் கேள்வி. இரண்டையும் பிரித்துக் காட்டுகிற கணக்கு வருஷா வருஷம் நேரத்துக்கு வந்தால், வெள்ளை அறிக்கைக்காக ஆட்சி மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது செய்தி வடசென்னை அனல்மின் நிலையத்தில் இருந்து. பதிவேட்டில் இருக்கும் நிலக்கரியில் 2.38 லட்சம் டன் யார்டில் இல்லை, மதிப்பு 85 கோடி ரூபாய் என்று ஆய்வுக்குப் பிறகு மின்துறை அமைச்சர் சொன்னார். செய்தியைப் படித்ததும் எனக்கு அந்தப் பொட்டலும் சாக்பீஸ் கோடுகளும் ஞாபகம் வந்தன. ஒரு சரக்கு ரயில் ஏறத்தாழ 3,500 முதல் 4,000 டன் நிலக்கரி சுமக்கும். அங்கே நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து கன்வேயரில் போகிறது, ரயிலில் அல்ல. அளவு மனசில் பதியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: அறுபது ரயில் நிலக்கரி.

நிலக்கரியைப் பைப் போல எண்ண முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். குவியலின் நீள அகல உயரத்தை அளந்து, கன அளவு கண்டு, அடர்த்தியால் பெருக்கித்தான் எடை கணக்கிடுவார்கள். அடியில் கெட்டித்திருக்கும், மேலே உதிரியாக இருக்கும். மழையில் எடை ஏறும், காற்றில் தூள் பறக்கும், சில சமயம் தானாகவே புகைந்து எரியும். அதனால் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும். கொஞ்சம் என்பது எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறை அளக்கும்போதும் முடிவு செய்து அன்றே எழுதிவிட்டால் அது கணக்கு. எழுதாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், வித்தியாசத்தின் மேல் வித்தியாசம் ஏறி, எது காற்று கொண்டுபோனது, எது கை கொண்டுபோனது என்று பிரிக்க முடியாத ஒரு மலையாகிவிடும். 2.38 லட்சம் டன் ஒரே ராத்திரியில் போயிருக்க முடியாது. அது குறையக் குறைய ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் மீதி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

நிர்வாகக் குழு, சுயேச்சை இயக்குநர்கள் என்று புதுப்புது ஏற்பாடுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வதுண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியின் போர்டில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுயேச்சை இயக்குநர்கள், அதாவது நிர்வாகத்தைச் சாராத வெளியாட்கள், இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் விதி. இல்லாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் அபராதம். இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி, கெயில் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் இந்த அபராதத்தைக் காலாண்டுக்குக் காலாண்டு வாங்கியிருக்கின்றன. 91 நாள் கொண்ட காலாண்டுக்கு 4,55,000, ஜிஎஸ்டி சேர்த்து 5,36,900 ரூபாய். கம்பெனிகள் சொல்லும் பதில் நியாயமானது: இயக்குநரை நியமிக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை, அது மத்திய அரசிடம் இருக்கிறது. உண்மைதான். இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பது அமைச்சகம், அபராதம் கட்டுவது கம்பெனி, கம்பெனியின் பெரும்பங்குதாரர் பொதுமக்களாகிய நாம். தவறு ஓரிடம், தண்டனை வேறிடம். இந்த இடைவெளி எல்லா அரசு நிறுவனங்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று நண்பர்கள் கேட்கும்போது நான் பெரிய சீர்திருத்தம் எதுவும் சொல்வதில்லை. தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல மரபு இருக்கிறது. தகவல் உரிமைக்கு நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 2005-ல், நம் மாநிலம் 1997-லேயே ஒன்று போட்டது. டெண்டர் வெளிப்படைச் சட்டம் 1998-லேயே போட்டோம். அதே மாநிலம், ஒவ்வோர் அரசு நிறுவனத்தின் இணையதள முகப்பிலும் மூன்று தேதிகளைப் போட வைக்கலாம். கடைசியாக இறுதி செய்யப்பட்ட கணக்கு எந்த ஆண்டுடையது, அதற்குப் பொதுக்குழு எப்போது கூடியது, அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நாள் எது. நாலு வருஷம் பின்தங்கிய நிறுவனம் முகப்பிலேயே அதைச் சொல்ல வேண்டி வரும். 'கூடிய விரைவில்' என்ற இடத்தில் '30 நாள்' என்று போட நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் போதும், ஒரே வரி.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: அரசு நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் தலைவரின் முன்னுரையைத் தாண்டிப் போய்விடுங்கள். ஆடிட்டர் அறிக்கையில் "இதற்கு உட்பட்டு", "இதைத் தவிர" என்று ஆரம்பிக்கும் பகுதியைத் தேடுங்கள். சரக்கு, முன்பணம், வர வேண்டிய பாக்கி, இந்த மூன்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முந்தைய வருஷ அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, அதே வாக்கியம் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

2009-ல் ஒருநாள் மதுரையில் என் ஆபீஸ் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். மஞ்சப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "பைப்பு எண்ண வந்தீகள்லம்மா" என்றார். அண்ணாச்சி! என் பழைய ஆடிட் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்து என் முகவரியை வாங்கியிருக்கிறார்.

அந்த வருஷம்தான் அவருக்கு ஓய்வு. ஓய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தணிக்கைத் தடை நிலுவை என்று, அதாவது தணிக்கையில் எழுந்து இன்னும் தீராத ஆட்சேபணைகள் என்று, பட்டியல் எடுத்திருக்கிறார்கள். 125 பைப் குறைவு. கிடங்குப் பொறுப்பில் இருந்தவர் அவர். பணிக்கொடையை நிறுத்திவைத்துவிட்டார்கள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய குறிப்பு அத்தனை மேஜைகளையும் கடந்து, அத்தனை நிர்வாக இயக்குநர்களையும் விட்டுவிட்டு, கடைசியில் இவர் தலையில் வந்து இறங்கியிருந்தது. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

மஞ்சப்பையில் இருந்து சார்ஜ் லிஸ்டின் நகலை எடுத்துக் காட்டினார். அதில் அவர் பொறுப்பேற்ற தேதி இருந்தது. ஆனால் அவர் வந்த பிறகு அந்த அளவு பைப் அசையவில்லை என்பதற்கு அந்த அடுக்கின் கார்டு வேண்டும், அது கிடங்கில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "நீங்க எண்ணினதை எழுதித் தர முடியுமாம்மா? அந்தக் கார்டை நீங்களும் பாத்தீகள்ல?" என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன். 1996 மே மாதம் நான் நேரில் எண்ணியது 287, கார்டில் இருந்தது 412, கார்டில் அவர் காலத்து வரவோ பற்றோ எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "தேதி போடலையேம்மா" என்று திருப்பி நீட்டினார். போட்டுக் கொடுத்தேன். அவர் வழக்குக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்துப் பணம் வந்தது, வட்டி இல்லாமல்.

அதற்குப் பிறகு நானே அந்த நிறுவனத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போட்டேன். கடைசியாக இறுதி செய்த கணக்கின் நகல் வேண்டும் என்று கேட்டேன். 2014-ல் வந்த பதிலோடு 2009-10ஆம் ஆண்டுக் கணக்கை இணைத்திருந்தார்கள். ஆடிட்டர் அறிக்கையைப் புரட்டினேன். ஆடிட்டர் வேறு, கையெழுத்து வேறு. நாலாவது பக்கத்தில், "சரக்கிருப்பில் காணப்படும் வித்தியாசங்கள் குறித்து ஆய்வு செய்து வருவதாக நிர்வாகம் தெரிவித்துள்ளது" என்று இருந்தது. நான் எழுதிய வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல்.